குடை, மாம்பழம், ரயில், தங்கச்சி, பூட்டு

'தெரியாது' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. நானும் நீங்களும் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறோம், அதனால் குடி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. நான் சொல்லப்போகிற அந்தப் பெரியவர் வாயில் மட்டும் அது வரவே வராது. சாலையில் லாரிக்காரன் வண்டியை நிறுத்தி ஏதோ ஒரு ஊருக்கு வழி கேட்டால், அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். "நேரா போ, சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, கேட்டுக்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவார். லாரி போன பிறகு நான் கேட்டேன், "அந்த ஊர் உங்களுக்குத் தெரியுமா?"

"எனுக்குத் தெரியாத ஊரா? இன்னா சார் நீ!"

இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. உட்காரமாட்டார். கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஏரி மதகைத் திறந்து மூடி, ஊர் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வேலை அவருக்கு. நீர்க்கட்டி என்பார்கள். முப்பது வருஷமாகக் கரைமேல் நடந்த கால், மண் தரையிலும் நிற்கத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. மதகைத் திருகுகிற சாவி முழங்கை நீளத்துக்கு இரும்பில் இருக்கும். அதைத் தோளில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். எனக்குத் தலை சுற்றும். "பெரியவரே, ஒரு நிமிஷம் உட்காருங்களேன்" என்று நான் கெஞ்சியது வீண்.

எழுபதுகளின் நடுவில் நான் பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். வயதானவர்களுக்கு ஞாபகம் எப்படிக் குறைகிறது என்பது அவர் ஆராய்ச்சி. அறுபது தாண்டியவர்களை ஊர் ஊராகப் பிடித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்விகளைக் கேட்டு மார்க் போடுவது என் பிழைப்பு. மொத்தம் இருபது மார்க். தாம்பரத்தில் பஸ் ஏறி, படப்பை தாண்டி, ஒரகடத்தில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து வாலாஜாபாத் ரோட்டில் மிதித்தால் அந்த ஊர் வரும். ஒரகடத்திலிருந்து திரும்புகிற பஸ் பதினொன்றரைக்கு. அதை விட்டால் மூன்று மணி. என் ஆராய்ச்சி முழுக்க அந்தப் பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்கிற ஆராய்ச்சிதான் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் தடவை போனபோது ஐந்து வார்த்தை சொன்னேன். குடை, மாம்பழம், ரயில், தங்கச்சி, பூட்டு. திருப்பிச் சொன்னார். பிறகு கணக்கு, படம் என்று ஐந்து நிமிஷம் கடத்திவிட்டு, "அந்த அஞ்சு வார்த்தை என்ன?" என்று கேட்க வேண்டும். கேட்டேன்.

"குடை. ரயிலு." ஒரு சுற்று நடந்தார். "வாழப்பழம். எருமமாடு. அப்பால… செருப்பு."

மற்றவர்கள் இரண்டு சொல்லிவிட்டு மீதி மறந்துபோச்சு என்பார்கள். இவர் விடுவாரா? ஐந்து கேட்டேன் அல்லவா, ஐந்தையும் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு மார்க்.

"ஃபுல்லா சார்?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது பெரியவரே."

முகம் சுண்டிப்போய்விட்டது. நான் சைக்கிளை எடுத்தேன். ஊர் எல்லை வரைக்கும் கூடவே ஓடி வந்தார். "எருமமாடு இல்லியா? பசுமாடா?" கேரியரைப் பிடித்துக்கொண்டார். மணி பதினொன்று. சைக்கிள் நகரவில்லை. சரியான விடையைச் சொல்லவே கூடாது என்பது டாக்டரின் முதல் விதி. எனக்கு பஸ்.

"மாம்பழம், தங்கச்சி, பூட்டு! போதுமா? ஆளை விடுங்க சாமி!"

கேரியரை விட்டார். நான் மிதித்தேன். பஸ் கிடைத்தது, உட்கார இடமும் கிடைத்தது. அன்றைக்கு அதைப் பெரிய சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்துப் போனால் ஏரிக்கரையிலேயே நிற்கிறார். நான் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. "குடை, மாம்பழம், ரயிலு, தங்கச்சி, பூட்டு!" என்று கரைமேலிருந்து ஒரு கத்தல். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து சிரித்தார்கள். ஒருத்தி, "பெரியப்பா, குடை?" என்று கேட்டாள். "மாம்பழம்!" என்றார். "ரயிலு?" என்றாள் இன்னொருத்தி. "தங்கச்சி!" அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து "பூட்டு!" என்று முடித்தார்கள். டீக்கடையிலும் இதே கதை. ஊரில் யாரும் யாரையும் பார்த்து வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி நாறிப்போனது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொல்வேன். "இருவது, பதினேழு, பதினாலு, பதினொண்ணு, எட்டு, அஞ்சு, ரெண்டு" என்று மூச்சுவிடாமல் அர்ச்சனை மாதிரி சொல்லி முடிப்பார். ஒன்றோடொன்று குறுக்காக இரண்டு சதுரம் வரையச் சொல்வேன். அதைச் சாவி முனையால் கரை மண்ணில் வரைந்து வரைந்து பழகியிருந்தார். மதகிலிருந்து கோயில் வரைக்கும் சதுரமாகக் கிடந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்றால், "நீ வந்தா செவ்வாக்கெயம" என்பார். உண்மைதான். அந்தப் பக்கம் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான்.

பன்னிரண்டு, பதினேழு ஆயிற்று. பதினேழு பத்தொன்பதாயிற்று. ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் கட்டிலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். "ஃபுல்லா சார்?" விதி விதிதான் என்று நான் உதட்டைப் பிதுக்குவேன். ஆனால் சிரித்துவிடுவேன். அது போதும் அவருக்கு. சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறி ஒரு நடை நடப்பார் பாருங்கள், கல்யாண மாப்பிள்ளை கெட்டான்.

மகள் ஒருத்தி அவரோடு இருந்தாள். புருஷன் செத்து, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். அதிகம் பேசமாட்டாள். பத்தொன்பது வாங்கிய அன்றைக்கு, அவர் கரைக்குப் போன பிறகு, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், நைனாவுக்கு ஒடம்பு நல்லா கீதா?"

"ஏம்மா?"

"சாப்ட்டு கை கய்வுன ஈரங்கூட காயாது சார், மறுபடியும் தட்ட எட்து வெச்சிகினு குந்தினு கீறாரு. எங்கம்மா செத்து எட்டு வருசம் ஆவுது. நேத்து வந்து, உங்கம்மா எங்க போனான்னு கேக்குறாரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவளை உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்க வேண்டும். நான் பையிலிருந்து தாளை எடுத்து மூன்று தடவை மார்க்கையும் அவளுக்குக் காட்டினேன். "பாரும்மா, ஏறிக்கிட்டே போகுது. இந்த வட்டாரத்திலேயே இவர்தான் முதல். வயசானவங்க ஒண்ணு ரெண்டு மறக்கத்தான் செய்வாங்க."

அவள் தாளைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள். எண்ணைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "பேப்பர்ல நல்லா கீறாரா சார்? அப்போ எனுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மணி பார்த்தேன்.

பட்டணத்தில் டாக்டர் கட்டத்தாளில் அவருடைய கோட்டைப் பார்த்தார். எல்லோருடைய கோடும் இறங்குகிறது, இவருடையது மட்டும் மாடிப்படி ஏறுகிறது.

"என்னப்பா இது? இந்த மனுஷர் அடுத்த வருஷம் கலெக்டர் பரீட்சை எழுதுவார் போலிருக்கே?"

நான் பெருமையாகச் சிரித்தேன்.

"சிரிக்காதே. அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் பழகிப்போகும், மார்க் ஏறும். உள்ளே ஞாபகம் இறங்கிக்கொண்டிருந்தாலும் மேலே மார்க் ஏறும். இது கொஞ்சமே இல்லை. நீ அவரைச் சோதிக்கவில்லை, அவருக்கு டியூஷன் எடுத்திருக்கிறாய்." மேஜை இழுப்பறையிலிருந்து வேறு கேள்வித்தாளை எடுத்துக் கொடுத்தார். அதே கனம், வேறு வார்த்தைகள். "இனிமேல் இதைக் கேள்."

பையில் வைத்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்த தடவை போகும்போதும் அது பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பழைய தாள் எனக்கு மனப்பாடம். புதியது என்றால் பார்த்துப் பார்த்துக் கேட்க வேண்டும், பத்து நிமிஷம் கூட ஆகும். பழகிப்போனது அவருக்கு மட்டுமா?

அந்தத் தடவை இருபதுக்கு இருபது.

முடிந்ததும் அவர் வழக்கம்போலக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார். முனுசாமி என்று ஒரு விவசாயி, மதகுக்குப் பக்கத்தில் வடிகாலை ஒட்டி நிலம். "பெரியப்பாவுக்கு ஞாபகம் தப்புது, சாவிய வேற ஆளாண்ட குடுக்கலாம்" என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டானாம்.

"என்னியப் பாத்து சொல்றான் சார்! என்னிய! நீ எய்திக் குடு. டாக்டரு ஆபீசு சீலு போட்டு எய்திக் குடு. இருவதுக்கு இருவதுன்னு."

பேசும்போது கட்டிலைச் சுற்றுகிற வேகம் கூடிவிட்டது. அன்றைக்கு மட்டும் மூன்று தடவை "சாப்ட்டியா சார்?" என்று கேட்டார். மூன்று தடவையும் சாப்பிட்டேன் என்றேன். கவனித்தேன், கவனித்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். ஆபீஸ் தாளில் 'இவருடைய ஞாபக சக்தி மிக நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பையிலிருந்த ரப்பர் முத்திரையையும் குத்திக் கொடுத்தேன். அதை வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சாவி அவரிடமே இருந்தது.

மாசி மாதம் நான் வேறொரு ஊருக்காக ஒரகடத்தில் இறங்கினேன். பஸ் நிறுத்தத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் எழுந்து வந்தான். மூன்று நாளாக அங்கே காத்திருக்கிறான் என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

"அந்தப் பேப்பரு எய்துனது நீங்கதான சார்? நான்தான் முனுசாமி."

கதிர் வாங்குகிற சமயம். ஏரியில் கிடந்த கடைசித் தண்ணீர். யாரோ மதகைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் தண்ணீர் அத்தனையும் வடிகாலில் ஓடி, முனுசாமி நிலத்தை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. கடைமடைக்காரர்கள் பயிர் காய்ந்துவிட்டது. ஊர் கூடியது. அவரைக் கேட்டார்கள். "மூடிட்டுத்தான் வந்தேன்" என்றார், பளிச்சென்று, ஒரு கணம்கூட யோசிக்காமல்.

"மறக்காத ஆளு மூடிட்டேன்றாரு" என்றான் முனுசாமி. "அப்போ சாவிய எட்தும்போயி நான்தான் தொறந்தேன்னு ஆவுது, இல்ல சார்? அவருக்கு ஆவாதவன், நெலமும் அங்கியே கீது. வர்ற போகம் எனுக்குத் தண்ணி கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. எம் பொண்டாட்டி கெணத்துக்குப் போனா ஒருத்தி கவுறு குடுக்க மாட்டேன்றா. பெரியப்பா பொய் சொல்ல மாட்டாரு சார், அது எனுக்கே தெரியும். ஆனா நான் தொறக்கல."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நின்றபடி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். புதிய கேள்வித்தாள் அந்தப் பையில்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஊரைக் கூட்டச் சொல்லு" என்றேன்.

பஞ்சாயத்து ரேடியோ ரூம் வாசலில் கூடினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "பட்ணத்து டாக்டரே ஃபுல் மார்க்கு குடுத்த ஆளு. அவரு மறந்துட்டாருன்னா எவன் நம்புவான்? இருந்தாலும் நீங்க வந்துகிறீங்க, கேளுங்க" என்றார். முனுசாமி தூணோரம் நின்றான். மகள் பெண்களோடு நின்றாள். அவர் வந்தார். ஒரு தோளில் சாவி, கக்கத்தில் கண்ணாடிச் சட்டம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். ஊர் முன்னால் பரீட்சை எழுத எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்?

"கேளு சார்!" நடக்க ஆரம்பித்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாக்கெயம."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். நான் நிமிரவில்லை. புதிய தாளைப் பிரித்து மெதுவாகப் படித்தேன். சீப்பு, கொய்யாப்பழம், படகு, மாமன், விளக்கு. "சொல்லுங்க." சொன்னார், ஐந்தையும், வரிசையாக. அடுத்து நாற்பதிலிருந்து நான்கு நான்காகக் கழிக்கச் சொன்னேன். "இருவது, பதினேழு, பதினாலு…" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. முக்கோணம் வரையச் சொன்னேன். சாவி முனையால் மண்ணில் இரண்டு சதுரம் விழுந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"பெரியவரே, கொஞ்சம் முன்னாடி நான் அஞ்சு வார்த்தை சொன்னேனே. அது என்ன?"

நின்றார். மார்பை நிமிர்த்தினார். "குடை, மாம்பழம், ரயிலு, தங்கச்சி, பூட்டு!"

கூட்டம் கை தட்டியது. விசிலே அடித்தான் ஒருவன். இரண்டு வருஷமாக அந்த ஊரே சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் அல்லவா? ஐந்தும் சரியாக வந்தன, வரிசை மாறாமல் வந்தன, கை தன்னால் தட்டிவிட்டது. தலைவரும் தட்டினார். "பாத்தீங்களா?" என்று என்னைப் பார்த்தார்.

தூணோரத்திலிருந்து முனுசாமி சொன்னான். சத்தமாகக்கூட இல்லை. "சீப்பு. கொய்யாப்பயம். படகு. மாமன். வெளக்கு."

அவன் உயிர் அந்த ஐந்து வார்த்தையில் இருந்தது. அவன் எப்படி மறப்பான்?

கைதட்டல் ஒரு பக்கமாக நின்றது, மறுபக்கம் இன்னும் நாலு பேர் தட்டிவிட்டு நிறுத்தினார்கள். நடவுக்காரப் பெண் ஒருத்தி, "ஆமா… சீப்புன்னுதான சொன்னாரு" என்றாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வழக்கமான அந்தச் சிரிப்புக்காக. நான் சிரிக்கவில்லை.

"ஃபுல்லு… இல்லியா சார்?"

தாளில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று இன்றைக்கும் மனசு அறுக்கிறது. ஆனால் முனுசாமி அங்கே நிற்கிறான்.

"பெரியவரே, அன்னைக்கு மதகை மூடினீங்களா?"

வாய் உடனே திறந்தது. முப்பது வருஷமாக அப்படித்தான் திறந்திருக்கிறது. 'மூ' என்று உதடு குவிந்ததை நான் பார்த்தேன். குவிந்தது அப்படியே நின்றது. தோளிலிருந்த சாவியைக் கையில் எடுத்து, அதைக் கேட்பதுபோல, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு முனுசாமியைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவும் இல்லை, அழவும் இல்லை.

"தெரியலியே சார்" என்றார்.

உட்கார்ந்துவிட்டார். ரேடியோ ரூம் வாசலில், வெறும் மண்ணில், காலை நீட்டி. அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முனுசாமிதான் முதலில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். "போவுது பெரியப்பா" என்றான். வருகிற போகம் அவனுக்குத் தண்ணீர் உண்டு என்று தலைவர் அங்கேயே சொன்னார், தரையைப் பார்த்தபடி. சாவியை யாரும் கேட்கவில்லை. அவரே அதை மகள் பக்கம் நீட்டினார். கண்ணாடிச் சட்டத்தை என் மடியில் வைத்தார்.

நான் கிளம்பும்போது மகள் சைக்கிள் வரை வந்தாள். சட்டத்தைக் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது, நான் மணி பார்க்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவளே கேட்டாள்.

"அப்போ எனுக்குப் புத்தி கெடல, இல்ல சார்?"